யாலியின் தாய் பேசும் சீனம்

14 நவம்பர் 1996

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள். தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். காட்டினால் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

என் வகுப்பில் படிக்கும் யாலி இப்போது என் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறாள். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால், அவளுடைய தாய் பை தைக்கும் இடத்துக்கு இன்று பொலிஸ் வந்தது. தாயைக் கொண்டுபோய்விட்டார்கள். யாலி பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பினாள். இரண்டு பேருக்கும் பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி, இல்லை.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

15 நவம்பர்

கூடப் பிடிபட்டவர்களில் பெர்மெஸ்ஸோ உள்ள ஒருத்தியை விட்டுவிட்டார்கள். யாலி அவளிடம் விசாரித்துவிட்டு வந்தாள். பொலிஸில் மொழிபெயர்க்க வந்தவன் பெய்ஜிங் மாணவனாம். அவன் பேசுவது மாண்டரின். யாலியின் தாய் வென்சோவ்காரி, அங்கே வீட்டில் பேசுவது வேறு சீனம்.

"ரெண்டும் சீனம்தானே, கொஞ்சமாவது விளங்காதா?" என்று இத்தாலியனில் கேட்டேன்.

"நீ இஞ்சை வந்த முதல் நாள் ரீச்சர் கதைச்சது உனக்கு எவ்வளவு விளங்கினது? அவ்வளவுதான்" என்றாள்.

யாலி மாண்டரினை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். வீட்டுப் பேச்சு வாயில் வந்தால் அங்கே ஏச்சு விழுமாம். தாய் பள்ளிக்கூடமே போகாதவள். எழுத்து எல்லாருக்கும் ஒன்று என்று அந்த மாணவன் எழுதியும் காட்டினானாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாளாம். எதற்கெல்லாம் ஓம் என்றாளோ? செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஏற்றப்போகிறார்கள்.

"நான் போய்ச் சொல்லுறன்" என்று யாலி எழும்பினாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்னையும் பிடிப்பாங்கள். எங்கை படுத்தனீ எண்டு கேப்பாங்கள். பிறகு எங்கடை பெர்மெஸ்ஸோவும் போயிடும்."

அவள் இருந்துவிட்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? ஆனால் பொய் இல்லையே—

16 நவம்பர்

அவள் சாப்பிடவில்லை.

17 நவம்பர்

ஞாயிறு. அம்மா கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது விளக்குமாறு யாலியின் காலில் பட்டுவிட்டது.

"ஆற்றை பிள்ளையடி இது? எத்தினை நாளா? உடனை போகச் சொல்லு. நாங்களே நூலிலை தொங்கிறம்."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தாய் தலையாட்டியதைச் சொன்னபோது அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினா.

"எனக்கும் முதல் வருசம் மொழிபெயர்க்கச் சிங்களம் கதைக்கிற ஆளைத்தான் விட்டவங்கள். சிலோன் எண்டால் சிங்களம்தானே எண்டு. நானும் தலையாட்டினனான். புருசன் இல்லை எண்டு எழுதிப்போட்டாங்கள். அதாலைதான் கொப்பர் இண்டைக்கும் மன்னாரிலை இருக்கிறார்."

இது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு இஞ்சை வர விருப்பமில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன்.

அம்மா யாலியிடம் இத்தாலியனில் கேட்டா, "பயமா?" யாலி தலையாட்டினாள்.

"தலையாட்டாதை. வாயாலை சொல்லு."

"பயம்" என்றாள் யாலி. "ஆனாப் போறன்."

18 நவம்பர்

காலையில் அம்மா பொலிதேயாமாப் பக்கம் வீட்டு வேலைக்குப் போகவில்லை. யாலியைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனா. "எங்கை படுத்தவள் எண்டு கேட்டால் என்ரை வீட்டிலை எண்டு சொல்லுவன்" என்றா.

இருட்டிவிட்டது. ஒருவரும் வரவில்லை. அம்மா வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா இரண்டு தரம் போன் எடுத்தா, அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். அம்மாவையும் வைத்துக்கொண்டார்களா? மூன்று பேரையும் அனுப்பினால் நான் யாரோடு—

கதவு தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டா, அவவிடம் திறப்பு இருக்கிறது. லைட்டை அணைக்கவா?

பேச்சுக் கேட்கிறது. யாலி. மாண்டரின் இல்லை, வீட்டுப் பேச்சு. அதிலேயே இன்னொரு பெண்ணின் குரல் அவளுக்குப் பதில் சொல்—