எனக்கென்று ஒரு ஜெபம்

நவம்பர் 4, செவ்வாய்

மண்டபத்தில் காலையிலிருந்து வாடைக்காற்று. படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் வேலை இல்லாததால் மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். அறைக்கு வந்து முழங்காலிட்டேன். "அன்பின் பரலோகப் பிதாவே" என்று தொடங்கினேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சபையில் எல்லாரோடும் சேர்ந்து ஜெபிக்கும்போது தடையில்லாமல் வருகிறது. அவையெல்லாம் போதகர் சொல்லிக் கேட்ட வார்த்தைகள். தனியாக இருந்தால் எனக்கென்று ஒரு சொல் இல்லை.

ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. சொந்த ஊரான நயினார்கோவிலில் அய்யா, என் அப்பா, என்னோடு பேசுவதை நிறுத்தியும் அவ்வளவு காலம்தான். வீட்டையும் விட்டு வந்தாயிற்று, ஜெபமும் வரவில்லை என்றால் நான் எந்தப் பக்கத்து ஆள்?

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகரம்மாவிடம் சொன்னேன்.

"வீட்டுல அம்மாகிட்ட எப்படிப் பேசுவீங்க? அதேமாதிரி பேசுங்க பிரியா" என்றார்.

அம்மாவிடம் போனில் பேசுவதே அய்யா வயலுக்குப் போன நேரம் பார்த்துத்தான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வச்சிரட்டா — அவ்வளவே. அதைச் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். மற்றவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். நான் பரோட்டா வாங்கி வந்து அறையில் சாப்பிட்டேன்.

நவம்பர் 12, புதன்

இன்று ஜெபிக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

தம்பி மாரிச்செல்வம் போன் செய்தான். அய்யா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன்.

"ஒன்னைய வரச் சொல்லி போன் போடலக்கா. தெரிஞ்சிருக்கட்டும்னுதான்."

உடனே பஸ் ஏறினேன். ஆண்டவரே, போனா வெரட்டிருவாரா? அம்மா முன்னாடி வெரட்டுனா நான் எங்கன போய் நிப்பேன்? எனக்குப் பயமா இருக்கு, கூட வாங்க, வேற யாரும் இல்ல — உச்சிப்புளி தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் ஜெபித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று.

அய்யா என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரட்டவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. அம்மா மாற்றுச் சேலை எடுக்க ஊருக்குப் போயிருந்தாள். தம்பி மருந்துக் கடையில். கட்டிலருகே நான் மட்டும் கண்மூடி உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்க சாமிகிட்டயா பேசுற?"

அய்யாவின் குரல்.

"ஆமாய்யா."

"என்னன்னு?"

"அய்யாவுக்கு வலி கொறையணும்னு."

"வேற?"

"அய்யா எங்கூடப் பேசணும்னு."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அதான் பேசிட்டேன்ல. தண்ணி குடு."

டம்ளரை அவர் வாயருகே பிடித்தேன். என் முகத்தைப் பார்க்காமல் குடித்தார்.

நவம்பர் 17, திங்கள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் பக்கத்தில் நின்று ஜெபித்தேன். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அய்யாவை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். நானும் என் பையை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் போனேன். அய்யா அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்: "அவ மண்டபத்துக்கே போகட்டும். ஊர்ல ஆளாளுக்குப் பேசுவாங்ய."

அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். வேன் போய்விட்டது.

திரும்பி வரும்போது ஆண்டவரோடு சண்டை போட்டேன். அம்புட்டுத்தானா? ஒரு வாரம் பக்கத்துல உக்கார விட்டுட்டு மறுபடியும் இங்கனயே கொண்டுவந்து விட்டுட்டீங்களே. இதுக்குப் பேரு பதிலா?

நவம்பர் 30, ஞாயிறு

இந்த வாரம் ஊரிலிருந்து போன் வரவில்லை. காலையில் மழை. ஆலயத்துக்குக் கிளம்ப நேரமிருந்தது. முழங்காலிடக்கூட இல்லை, சும்மா பாயில் உட்கார்ந்து பேசினேன். ஆஸ்பத்திரியில் நின்று நின்று அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததைச் சொன்னேன். அய்யா என்னை வேனில் ஏற்றாததை இன்னும் மன்னிக்க முடியவில்லை என்று சொன்னேன். ஒற்றை ஆளுக்குச் சமைப்பது அலுத்துப்போகிறது என்றுகூடச் சொன்னேன். நடுவில் அழுகை வந்தது, அழுதேன். மறுபடி பேசினேன். பதில் என்று எதுவும் காதில் விழவில்லை. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

தீய்ந்த வாடை வந்த பிறகுதான், அடுப்பில் சோறு வைத்த நினைவே வந்தது.