முற்றுப்புள்ளிக்குப் பின் வெட்டப்பட்ட வரிகள் தொடர்பாக

அனுப்புநர்:
செல்வி நடராசா சாருஜா,
சந்தைப் பின்வீதி,
கொடிகாமம்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: எனது ஆங்கில விண்ணப்பக் கடிதத்தை வெட்டி வகுப்பில் பயிற்சித்தாளாகக் கொடுத்தமையும், அத்தாளை ஓகஸ்ட் 9ஆம் திகதிக்கு முன் மீளப்பெறக் கோருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்பின் இடையில் பாடசாலையை விட்டு விலகினேன். நேரில் வந்து கதைக்க எனக்கு வராது. சென்ற கிழமை இரண்டு தடவை தங்கள் அலுவலகத்துக்கு வந்து, வெளி வாங்கிலில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனேன். அதனால் எழுதுகிறேன்.

2. படிப்பை இடையில் விட்டவர்களுக்காக எமது ஊரில் ‘ஒளிக்கீற்று’ நிலையம் சனிக்கிழமைகளில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறது. இது தங்களிடம் பதிவுசெய்த அமைப்பு என அதன் பெயர்ப்பலகையில் உள்ளது. சேர விரும்புபவர், தான் ஏன் பாடசாலையை விட்டார் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் நிலையத்திலேயே குறித்த நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தெரிவுக் குழுவைத் தவிர எவரும் அதை வாசிக்கமாட்டார்கள் என்று படிவத்தில் அச்சிட்டிருந்தது. நான் அதை நம்பி எழுதினேன். அதில் எழுதியவற்றை அதற்கு முன் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. தமிழிலும் சொன்னதில்லை.

3. யூன் 14ஆம் திகதி ஆசிரியர் திரு. எமில்ராஜ் அவர்கள் முடிவடையாத வசனங்களைக் கண்டுபிடித்துத் திருத்துவது பற்றிப் படிப்பித்தார். நன்றாகவே படிப்பித்தார் என்பதையும் இங்கே எழுத வேண்டும். “ஆர் செய்தது, என்ன செய்தது? இந்த ரெண்டும் இல்லாட்டி அது வசனமில்லை. ‘பிறகு’ எண்டோ ‘படியால்’ எண்டோ ஒரு சொல் வந்தால் மிச்சம் எங்கை எண்டு தேடுங்கோ. கடைசி வரியில இருந்து மேல வாசிச்சுக்கொண்டு போங்கோ. தனிய நிக்கேலாதது தானா விழும்” என்றார். நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன்.

4. அதன் பின்பு இருபத்திரண்டு பேருக்கும் ஒரு தாள் தரப்பட்டது. அதில் இருந்தது எனது கையெழுத்து. எனது கடிதத்திலிருந்து மூன்று வரிகளை வெட்டி ஒட்டிப் பிரதி எடுத்திருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் எழுதியவற்றைத் தமிழில் தருகிறேன்.

அம்மா குவைத்துக்குப் போன பிறகு.
அப்பா எந்த நேரமும் வீட்டில் இருந்தபடியால்.
அம்மா திரும்பி வரும்போது.

என் பெயர் போடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வகுப்பில் தாய் குவைத்தில் இருப்பது எனக்கு மட்டும்தான்.

5. இம்மூன்றும் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிழை எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். எமது வீடுகளில் ஒருவர், “அம்மா போனாப் பிறகு” என்று சொல்லிச் சற்று நிற்பார். கேட்பவர் “ஓம்” என்பார். அதன் பின்புதான் மிச்சத்தைச் சொல்வார். நான் ஆங்கிலம் எழுதும்போதும் மனதுக்குள் அப்படித்தான் கதைத்திருக்கிறேன். அந்த “ஓம்” வர வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன்.

6. ஆனால் மிச்சத்தை நான் எழுதாமல் விடவில்லை. முதல் வரிக்கு அடுத்ததாக, “நான் பாடசாலையை விட்டேன்” என்று இருந்தது. இரண்டாவதற்கு அடுத்ததாக, “அவரைத் தூக்கி இருத்த ஒருவர் வேண்டியிருந்தது” என்று இருந்தது. என் தந்தை மேசன் வேலை செய்தவர். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து நாரியெலும்பு முறிந்தபின் இரண்டு வருடங்களாகக் கட்டிலில் இருக்கிறார். முற்றுப்புள்ளியை எடுத்து இரண்டு துண்டுகளையும் சேர்த்தால் போதும். இரண்டு வசனமும் முழுமையாகிவிடும். ஆசிரியர் படிப்பித்த முறையும் அதுதான். அவரோ அடுத்த வரிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை எழுதும்படி மற்றவர்களிடம் கொடுத்தார்.

7. அவர்களும் எழுதினார்கள். “அம்மா குவைத்துக்குப் போன பிறகு அவருக்கு எங்கள் நினைவு இல்லை” என்று ஒருவர் வாசித்தார். அதற்குச் சரி போடப்பட்டது. “அப்பா எந்த நேரமும் வீட்டில் இருந்தபடியால் குடித்துக்கொண்டிருந்தார்” என்று வாசித்தவர் என் பக்கத்தில் இருக்கும் கோபிகா. எனது வீட்டில் தேநீர் குடித்தவர். என் தந்தை எப்படிக் கிடக்கிறார் என்று கண்டவர். என் தந்தை வெற்றிலைகூடப் போடுவதில்லை. அதற்கும் சரி போடப்பட்டது. மூன்றாவதாக, “அம்மா திரும்பி வரும்போது கையில் ஒரு பிள்ளையோடு வருவார்” என்று பின்வரிசை வாங்கிலில் இருந்து ஒருவர் வாசித்தார். வகுப்பு சிரித்தது. “சேர், உது உண்மையோ?” என்று ஒரு குரல் கேட்டது. ஆசிரியர் கூறிய பதிலை அப்படியே தருகிறேன்: “உண்மை பொய் பாக்கிறது எங்கடை வேலையில்லை. எழுவாய் கிடக்கு, பயனிலை கிடக்கு. சரி.”

அந்த வசனத்துக்கும் சரி போட்டார். நான் எழுந்து நின்றேன். “என்ன பிள்ளை?” என்று கேட்டார். இருந்துவிட்டேன். அன்று அந்த வகுப்பில் பிழை என்று குறிக்கப்பட்டவை நான் எழுதிய மூன்று வரிகள் மட்டுமே.

8. வெளியே வரும்போது கோபிகா, “நான் கோபத்தில எழுதேல்லையடி. சும்மா வசனம்தானே” என்றார். நான் அவருக்கு எதிராக இம்மனுவை எழுதவில்லை. மிச்சத்தை நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினார்.

9. சரி போடப்பட்ட விடைகள், மாதிரி விடை என்று எனது வரிகளோடு சேர்த்துப் படம் எடுக்கப்பட்டு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டன. அங்கிருந்து ஊருக்குள் போயின. பக்கத்து வீட்டுக் கனகாம்பிகை அன்ரி தொலைபேசியோடு வந்து என் தந்தையிடம், “அண்ணை, உங்கடை பெட்டையின்ரை இங்கிலீசு போனில வந்து கிடக்கு” என்று காட்டினார். அவருக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. என் தந்தைக்கு நல்ல சந்தோசம். “எங்கை, வாசிச்சுச் சொல்லு பாப்பம்” என்றார். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். சொன்ன எதுவும் அந்தத் தொலைபேசியில் இருக்கவில்லை. “கெட்டிக்காரி” என்றார். என் தந்தைக்கு நான் சொன்ன முதற்பொய் அது. அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. சனிக்கிழமைகளில் உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு, சந்தைக்குள் நின்றுவிட்டு வருகிறேன். அவருக்கு அது தெரியாது.

10. தாளைத் திரும்ப எடுக்குமாறு ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதி, கோபிகாவிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். கேட்டதற்குப் பதில் இல்லை.

11. எனது தாயார் ஐந்து வருடங்களின் பின் ஓகஸ்ட் 9ஆம் திகதி வருகிறார். அவர் குவைத்தில் வேலைசெய்யும் வீட்டில் ஆங்கிலம் கதைக்கவும் வாசிக்கவும் பழகியவர். நான் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். அந்தத் தாளை அவருக்கு ஒருவரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. ஊரில் ஒருவர் தொலைபேசியை நீட்டினால் போதும். என் தந்தையிடம் செய்ததுபோல அவரிடம் என்னால் மாற்றிச் சொல்ல முடியாது.

12. ஆகவே அந்தத் தாள்களைத் திரும்பப் பெறவும், குழுவிலிருந்து படங்களை நீக்குவிக்கவும், வெட்டப்பட்ட எனது வரிகளை அதே வகுப்பில் அதே சத்தத்தில் வாசிப்பிக்கவும், எனது கடிதத்தின் மூலப்பிரதியை என்னிடம் தரவும் ஓகஸ்ட் 9ஆம் திகதிக்கு முன் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்பு வேண்டாம். ஆசிரியரை நிறுத்தவும் வேண்டாம். அவர் படிப்பிப்பது மற்றவர்களுக்குத் தேவை.

13. திருத்திய வசனங்களை ஆங்கிலத்தில் எழுதி இணைத்துள்ளேன். முதலாவதிலும் இரண்டாவதிலும் முற்றுப்புள்ளியை எடுத்து, வெட்டியதைச் சேர்த்துள்ளேன். மூன்றாவதற்கு மட்டும் நான் அடுத்த வரி எழுதியிருக்கவில்லை. அந்த இடத்தில் நேரம் முடிந்து தாளை வாங்கிவிட்டார்கள். அது உண்மையாகவே முடிவடையாத வசனம். இன்றும் அதை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். என் தாயார் இன்னும் வரவில்லை. அவர் வரும்வரை அதை வேறு ஒருவரும் நிரப்பாமல் இருக்கத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கும்,

ந. சாருஜா
(கையொப்பம்)

இடம்: கொடிகாமம்
திகதி: 2025.07.21
இணைப்பு: திருத்திய வசனங்கள், ஒரு பக்கம்