லேப்டாப்பில் பார்த்த கை

மாதா துணை
திண்டிவனம்

அன்பு மகன் அந்தோணி பிரபுவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் தங்கச்சி வெனிலாவும் நானும் இங்கே சுகம். நீ சுகமா? எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் கேட்கிற கேள்விதான், ஆனால் இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை ராசா, பதில் வேண்டும் என்று கேட்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. போனில் நான் ஒன்று கேட்டால் நீ அங்கே மழை பெய்ததா என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். மயிலம் பாண்டுரங்கன் லீவு முடிந்து மஸ்கட் கிளம்புகிறான், அவன் கையில் இதையும் வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை கொஞ்சமும் கொடுத்து அனுப்புகிறேன்.

தங்கச்சி படிப்புக்கு ஒரு சின்ன லேப்டாப் வாங்கினோம் என்று சொன்னேன் அல்லவா. விழுப்புரத்துக் கடையில் பெரிசு பெரிசாக எடுத்து வைத்தார்கள், நான் இருப்பதிலேயே மலிவானதைக் காட்டுங்கள் என்றேன். கடைக்காரர் முகம் சுருங்கிப் போய், இது கொஞ்சம் ஸ்லோவாதாம்மா இருக்கும், பாப்பா படிக்கறதுக்கும் நீங்க புள்ள மூஞ்சிய பாத்துக்கினு பேசறதுக்கும் ஆவும் என்றார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்து சீட்டுக்காரி தூங்கிச் சாய்ந்தபோது தோளால் இடித்து எழுப்பி முறைத்தேன். மெதுவான லேப்டாப்தான், ஆன் பண்ணிவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டு வந்தாலும் அப்போதுதான் கண்ணைத் திறக்கும். போன் மாதிரி நினைத்து நான் திரையை விரலால் தேய்க்க, எண்ணெய்க் கையை எடும்மா என்று வெனிலாவிடம் திட்டு வாங்கினேன். இப்போது நானே உன்னைக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகிவிட்டேன்.

அதை ஏன் வாங்கினோம் என்று இருக்கிறது பிரபு. போனில் இத்தனை நாளும் உன் நெற்றியும் மூக்கும்தான் தெரியும். லேப்டாப் வந்த அன்றைக்கு, நீயும் போனை எங்கேயாவது சாய்த்து வைத்து எங்களோடு ஜெபத்தில் உட்கார் என்று நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன். நீயும் உட்கார்ந்தாய். பிதா சுதன் என்று ஆரம்பித்ததும் இடது கையால் நெற்றியைத் தொட்டாய். நீ நடக்கப் பழகும்போதே உன் வலது கையைப் பிடித்து நெற்றிக்கும் நெஞ்சுக்கும் கொண்டுபோய்ப் பழக்கியவள் நான். வெனிலாவிடம் சொன்னேன். லேப்டாப்ல இடம் வலம் மாறித்தாம்மா தெரியும், வேணும்னா உன் மூஞ்சியயே பாரு, கண்ணாடியில பாக்கற மாதிரிதான இருக்குது என்றாள். பார்த்தேன், என் மூக்குத்தி பக்கம் மாறித்தான் இருந்தது. சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் நீ இடது கையால்தான் போட்டாய். அன்றைக்கு உன் தலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய நம் பங்குக் கோயில் காலண்டர் தொங்குகிறது, அதில் பேரும் தேதியும் நேராக இருக்கிறது, நான் வாய்விட்டே படித்தேன். எழுத்து மாறவில்லை, உன் கை மட்டும் எப்படியடா மாறும்? வலது கையை மேலே தூக்கு என்றேன். நெட்டு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே கட் பண்ணினாய். அதற்குப் பிறகு முகத்தையே காட்டவில்லை, வெறும் குரல்தான்.

கதவு ஜன்னலுக்கு அலுமினியம் அறுக்கிற மிஷின் முன்னால் நிற்கிற பிள்ளை நீ. அம்மியில் குழவி உருள்கிற சத்தம் கேட்டாலும் இப்போது காதைப் பொத்திக்கொள்கிறேன். சோறு பிசையும்போது என் கையைப் பார்த்துப் பார்த்து அழுகிறேன். பயமாக இருக்கிறது பிரபு, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னதற்கு, நீ சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத என்று அதட்டினார். ஆனால் போன ஞாயிறு பூசையில், யார் யாருக்காக வேண்டிக்கொள்வது என்று சனங்கள் எழுதிக் கொடுத்த கருத்துகளைச் சாமியார் வாசிக்கும்போது அந்தோணி பிரபுவின் உடல் நலத்துக்காக என்று உன் பேரைப் படித்தார். அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வெனிலா கல்யாணத்தை நினைத்து மறைக்கிறாய் என்றால் அந்த நினைப்பை விடு. அவள் அண்ணன் கையை வைத்துத்தான் மாப்பிள்ளை வர வேண்டுமென்றால் அப்படிப்பட்ட மாப்பிள்ளை நமக்கு வேண்டாம். கட்டுப் போட்டிருந்தால் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. அதைவிடப் பெரிதாக என்ன நடந்திருந்தாலும் புறப்பட்டு வந்துவிடு. நான் இருக்கிறேன், ஊட்டிவிடுகிறேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்ததாக நினைத்துக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே, இதற்குப் பதில் போனில் வேண்டாம். ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, படம் பிடித்து லேப்டாப்புக்கு அனுப்பு. ரூமில் கூட இருக்கிறவனை எழுதச் சொல்லாதே, உன் எழுத்து எனக்குத் தெரியும். இடது கையால்தான் எழுத முடியுமென்றால் அதாலேயே எழுது, எவ்வளவு கோணலாக இருந்தாலும் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஜெசிந்தா