மிளகாய்ப் பூ நிற்கவில்லை

மார்ச் 2, ஞாயிறு

கருவண்டு, இன்று தோட்டத்துக்குப் போனேன்.

இந்தப் பெயரைப் பேனாவால் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊருக்கு முன்னால் நீ மாமா. கதவைச் சாத்தினால்தான் கருவண்டு. இப்போது வீட்டில் நான் ஒருத்திதான், கதவு திறந்திருந்தால் என்ன, சாத்தியிருந்தால் என்ன.

உன் முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்ததும் போகலாம் என்று இருந்தேன். மூன்று மாதம் வாசல் தாண்டக் கூடாது என்று உன் சித்தி சொன்னாள். செடி மூன்று மாதம் காத்திருக்குமா? பொங்கலுக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் நட்ட மிளகாய் நாற்று முழங்கால் உயரம் வந்துவிட்டது. பூவும் வைத்துவிட்டது. நீ நட்டுவிட்டுப் போனாய். பூவைப் பார்க்கவில்லை.

உரக்கடையில் வருசா வருசம் உனக்கு டைரி கொடுப்பார்கள். நீ ஒரு வரி எழுதியதில்லை. எனக்கு அஞ்சாப்புப் படிப்பு. பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 3, திங்கள்

கீர்த்தனா திருப்பூரில் இருந்து போன் போட்டாள். "தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு வந்துரும்மா, ஒத்தையில என்ன செய்வ?" என்றாள். மருமகனும் பக்கத்தில் இருந்து சரி சரி என்றார். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அங்கே ஒரு ரூமு, ஒரு அடுப்படி. நான் எங்கே உட்காருவேன்?

"இந்த மிளகா ஒரு பறிப்பு வரட்டும். வந்தா நான் இங்கனயே இருப்பேன். வரலைன்னா நீ சொன்னபடி கேக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

தண்ணீர் கட்டுவது உன் வேலை, களையும் பறிப்பும் என் வேலை என்று கல்யாணம் ஆன நாளில் இருந்து பிரித்துக்கொண்டோம். மோட்டார் ரூம் சாவியை நான் தொட்டதே கிடையாது. முப்பதாம் நாள் வரைக்கும் மருமகன்தான் தண்ணீர் காட்டினார். ஆனால் ஒன்று தெரியும். கோழி கூப்பிடுகிற நேரம் மூணு பேஸ் கரண்டு வரும். நீ எழுந்து போவாய். செத்த நேரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் படுத்தபடியே எனக்குக் கேட்கும். மழை நாளைத் தவிர ஒரு நாள் தவறாது. இனி நானும் அப்படியே செய்யப் போகிறேன். நீ செய்த மாதிரியே.

மார்ச் 6, வியாழன்

மடை திருப்பப் பழகிவிட்டேன். மண்வெட்டி கையைக் கிழிக்கிறது.

வரப்புக்கு மேற்கே உன் தம்பி காமராஜின் மல்லிகைச் செடி வாடிக் கிடக்கிறது. அவன் போர்க்கிணற்றில் பல வருசமாகவே அரைகுறைத் தண்ணீர்தான் என்றார்கள். அப்படியும் தை மாசம் வரைக்கும் பச்சையாகத்தான் இருந்தது. இப்போது என்ன ஆனதோ. எனக்கென்ன. பாகம் பிரித்தபோது கிணறு நம் பக்கம் வந்துவிட்டது என்று அவன் பொண்டாட்டி கண்ணம்மாள் நம் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அன்றைக்கு நான் சொன்னேன், நீயும் தலையாட்டினாய். அதோடு பேச்சில்லை. உன் சாவுக்கு வந்தார்கள். பந்தல் மூலையில் நின்றார்கள். போனார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

பூ உதிர்கிறது.

செடிக்கு அடியில் பொரி சிந்தியது மாதிரி கிடக்கிறது. பூச்சி கடித்த மாதிரியும் இல்லை. சும்மா விரல் பட்டாலே காம்போடு கழன்று வருகிறது. தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி விட்டேன்.

மார்ச் 12, புதன்

உரக்கடை ஸ்டான்லி தம்பியிடம் நாலு பூவைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "வெயிலுதான்க்கா. மாசியிலயே சித்திரை வெயில் அடிக்கிது. ராத்திரியும் வெக்கையா இருந்தா மொளகா பூவ உதுத்துரும்" என்று சொல்லி, பூ நிற்கிற மருந்து ஒரு பாட்டில் கொடுத்தான். இன்றைக்கே அடித்துவிட்டேன். தேங்காய்ப் பாலும் மோரும் புளிக்க வைத்தும் அடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதையும் ஊற வைத்திருக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கலக்குகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

நிற்கவில்லை. மருந்துக்கும் நிற்கவில்லை, மோருக்கும் நிற்கவில்லை.

உன் சித்தி பார்த்துவிட்டுப் போனாள். தோட்டத்துக் கேட்டுக்குள்ளே கூட வரவில்லை. ரோட்டில் நின்றபடியே, "தாலியும் பூவும் எறக்குனவ கால் பட்ட காட்டுல பூ எப்பிடித்தா நிக்கும்? அதுக்குத்தான் மூணு மாசம் உள்ள கெடன்னேன்" என்றாள்.

அப்பிடித்தான் இருக்குமோ? எங்காலுதான் ஆகலையோ? நீ சொல்லு. நீ இருந்தப்ப இதே காலுதான இந்தக் காட்டுல நடந்துச்சு?

மார்ச் 17, திங்கள்

பாத்திக்குள் இறங்கவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு, மடையை மட்டும் வெட்டிவிட்டு, வரப்பில் உட்கார்ந்திருந்தேன். நம்மிடம் களைக்கு வரும் சின்னக்கண்ணுதான் உள்ளே போனாள். சொந்தக் காட்டை வெளியில் இருந்து பார்க்கிறது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

மார்ச் 20, வியாழன்

நான் இறங்காமலே உதிர்கிறது. அப்படியானால் என் கால் இல்லை. அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

காலையில் சின்னக்கண்ணு நோஞ்சானாக நின்ற ஒரு செடியைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்தாள்.

"என்னக்கா, சாக்கடை வாட அடிக்கிது? தெனமுமா தண்ணி விடுற?"

"அவரு விட்ட மாதிரிதாண்டி விடுறேன்."

"அடியாத்தி! தெனமும் கறியும் சோறும் போட்டு மாமியா வீட்டுலயே வச்சுக்கிட்டா மாப்பிள்ள வேலைக்குப் போவாரா? கீழ வேரு மூச்சு முட்டிக் கெடக்கு. மேல வெயிலு வறுக்கு. செடி தன் உசுரக் காப்பாத்துமா, பூவக் காப்பாத்துமா? பூவத்தான் மொதல்ல கழட்டி விடும். காயவிட்டு, மண்ணு விரல்ல ஒட்டாமப் போனப்பெறகுல்ல தண்ணி காட்டணும்."

"வாய மூடு. ஒரு நா தவறாம மோட்டாரு ஓடும். எங்காதால கேட்டிருக்கேன்."

"மோட்டாரு ஓடுச்சு. நான் இல்லேங்கல."

"பெறகு?"

"ஓடுன தண்ணி எல்லாம் மொளகாய்க்குத்தான் வந்துச்சுன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு மேற்கே பார்த்தாள். உடனே குனிந்து களையைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே கடைசி வரை நடந்தேன். மேற்கு வரப்பில் கிளுவை வேலி அடர்ந்த இடம், நான் என்றைக்கும் போகாத மூலை. இலையை விலக்கினால் வரப்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய். வாயில் சாக்கு சுருட்டி அடைத்திருக்கிறது. குழாயின் அந்த முனை காமராஜ் மல்லிகையின் முதல் பாத்தியில் இருக்கிறது.

மார்ச் 22, சனி

அப்ப இத்தன வருசமும் என்னைய முட்டாளாக்கிட்டு இருந்திருக்க.

விடியமுன்ன எந்திரிச்சுப் போவ. வந்து ஒண்ணுந் தெரியாத மாதிரி கஞ்சி குடிப்ப. "மொளகாய்க்குத் தண்ணி விட்டீகளா"ன்னு கேட்டா "ம்"ம்ப. அந்த ம்முக்குள்ள இம்புட்டு வச்சிருந்தியா? தம்பிக்குத் தண்ணி குடுத்தது கூடப் பெரிசில்ல. கூலிக்கு வாரவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. ஒரே பாயில படுத்தவளுக்குத் தெரியல.

உன் படத்தைத் திருப்பி வைத்தேன். பிறகு மனசு கேட்காமல் நேரே வைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

மிளகாய்க்குத் தண்ணீரை நிறுத்தியாயிற்று. கரண்டு வந்தது, நான் எழவில்லை. மோட்டார் ஓடாத விடியல் இப்படியா இருக்கும்? நீ இறந்த அன்றைக்குக் கூட வீடு இம்புட்டு அமைதியாக இல்லை.

மார்ச் 27, வியாழன்

சாக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அவர்கள் மேல் இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. கிணற்றில் தண்ணீர் சும்மா கிடக்கிறது. அந்தப் பக்கம் செடி சாகிறது. நீ செய்துவந்த வேலை பாதியில் நிற்கிறது. அவ்வளவுதான். மோட்டாரைப் போட்டேன், தண்ணீர் குழாய்க்குள் குபுகுபு என்று போவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

அந்தப் பக்கம் இருந்து வைக்கோலைத் திணித்துக் குழாயை அடைத்திருக்கிறார்கள். திமிரு!

மார்ச் 29, சனி

விடிந்தும் விடியாமல் போய் வரப்பில் ஏறி நின்றுகொண்டேன். காமராஜும் கண்ணம்மாளும் பூப்பறிக்க வந்தார்கள். பறிக்க என்ன இருக்கிறது, மடியில் கால்வாசி கூடத் தேறாது.

"யாருடா குழாய அடச்சது?" என்றேன். இத்தனை வருசத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு இது.

காமராஜ் என்னைப் பார்க்காமல் செடியைப் பார்த்துச் சொன்னான்: "நாந்தான். அண்ணன் எங்கிட்டச் சத்தியம் வாங்கிருக்கு மதினி. ஒனக்குத் தெரியாம இருந்தாத்தான் தண்ணி, தெரிஞ்சுட்டா நிறுத்திரணும்னு."

"தெரிஞ்சு நாந்தான்டா தொறந்து விட்டேன், கூறுகெட்டவனே!"

"அதாஞ் சொல்றேன். தெரிஞ்சுபோச்சுல்ல. அப்ப வாங்கக் கூடாது."

கண்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தக் கூத்த எங்க போயிச் சொல்ல! அண்ணனுந் தம்பியும் சேந்து பொம்பளைகளுக்குத் தெரியாமக் கள்ளச் சாராயமா காச்சுனாக? தண்ணி பாச்சுறதுக்கு ஒரு சத்தியம்!" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "யக்கா, எனக்கே இவரு அண்ணன் செத்தப்பெறகுதான் தெரியும். செடி வாடவும் ஏன்னு கேட்டேன். இவரு அழுதாரு. ஒங்கிட்ட வந்து கேக்க எனக்கு மொகம் இல்ல. மண்ணத் தூத்துனவ நான்."

குனிந்து வைக்கோலைப் பிடுங்கினேன். அவளும் அந்தப் பக்கம் உட்கார்ந்து பிடுங்கினாள். காமராஜ் மட்டும் மரம் மாதிரி நின்றான். "சத்தியம் அண்ணனோட போச்சு. போயி மோட்டாரப் போடு" என்றேன். போனான்.

ஏன் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க மாட்டேன். அது எனக்கே தெரியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

மண் காய்ந்து விரலில் ஒட்டவில்லை. இன்று மிளகாய்க்குத் தண்ணீர் காட்டினேன், கொஞ்சமாக. செடி தலையைத் தூக்கியிருக்கிறது. புதுப் பூ வந்திருக்கிறது. தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது, தொடவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சாயங்காலம் மழை. தூறல்தான். வெக்கை தணிந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

தொட்டேன். உதிரவில்லை. இதழ் வாடிய இடத்தில் அரிசி முனை மாதிரி பச்சையாகப் பிஞ்சு இருந்தது. பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தேன், செருப்பைக் கழற்றிவிட்டு, இதே காலால்.

வெயில் உச்சிக்கு வந்ததும் சில பூ கொட்டத்தான் செய்கிறது. எல்லாப் பூவும் காயாகாது என்று சின்னக்கண்ணு சொல்கிறாள். இருக்கட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஊரெல்லாம் வடை வாசம். துக்க வீடு, நமக்குப் பண்டிகை இல்லை. பங்காளி என்பதால் காமராஜ் வீட்டிலும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. எனக்கு இது தோன்றவே இல்லை. நான் ஒருத்திதான் துக்கம் காக்கிறேன் என்று இருந்தேன்.

மத்தியானம் கண்ணம்மாள் ஒரு தூக்குவாளியில் ரசமும் சுட்ட அப்பளமும் கொண்டு வந்தாள். "ரெண்டு வீட்டுலயும் வெறும் சோறுதான். சேந்து திம்போமே" என்றாள். தின்றோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் பறிப்பு. காய் நீளம் இல்லை, ஆனால் நல்ல உறைப்பு. நிலக்கோட்டைக்குப் பூ ஏற்றிப் போகும் வேனிலேயே நம் மூட்டையையும் காமராஜ் ஏற்றிவிட்டான். கீர்த்தனாவிடம் சொன்னேன். "சரிம்மா. ஒடம்பப் பாத்துக்க" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். பாவம், அவளுக்கும் அப்பா இல்லைதானே.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆனால் வற்றவில்லை. ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் என்று முறை வைத்திருக்கிறோம்.

விடியலில் தண்ணீர் திருப்பிவிட்டு மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தோம். அப்போது கண்ணம்மாள் சொன்னாள்: "இவரு அண்ணன் இருந்தப்ப விடியமுன்ன நான் பூப்பறிக்க வாரப்ப இந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேக்கும்க்கா. யாரோ ரெண்டு வழிப்போக்கனுகன்னு நெனச்சேன். இப்பத்தான தெரியுது, இவுக ரெண்டு பேருன்னு. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாக போல. அப்பிடி ஒரு சத்தம்."

நீயா? வயிற்றைப் பிடித்துக்கொண்டா? நான் பார்த்த நீ மீசைக்குள் சிரிக்கிறவன். சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"என்னடா பேசுவீங்க?" என்று காமராஜைக் கேட்டேன். "என்னமோ பேசுவோம் மதினி. அண்ணந்தான் சொல்லும். நெனவில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து மடை பார்க்கப் போய்விட்டான்.

நான் இங்கேயேதான் இருக்கப் போகிறேன். தினமும் விடியலில் அந்த வரப்பில்தான் உட்காரப் போகிறேன். சொல்லேன், அப்படி என்னதான் சொல்லிச் சிரித்தாய்?