இடது பக்கப் பெட்டி

இன்று காலை கள்ளக்குறிச்சி பெட்ரோல் பங்க்கில் எனக்கு முன்னால் ஒரு பெரிய பைக் நின்றது. பின் சக்கரத்தின் இரு பக்கமும் அலுமினியப் பெட்டிகள். "அண்ணே, வெள்ளிமலைக்கு எப்படிப் போகணும்?" என்று ஓட்டி வந்தவன் கேட்டான். மேற்கே கையை மட்டும் காட்டினேன்.

இந்த வட்டாரத்தில் அப்படிப் பெட்டி மாட்டிக்கொண்டு முதலில் ஊர் சுற்றியவன் நீதான். உன் அப்பா, நீ அத்தா என்று கூப்பிடுபவர், கடைவீதியில் டிரங்குப் பெட்டி செய்து விற்றார். அதே தகட்டை வெட்டி உன் பழைய புல்லட்டுக்கு இரண்டு பெட்டி செய்தாய். மழைத் தண்ணீர் இறங்காதிருக்க மூடியைச் சுற்றிச் சைக்கிள் டியூப் ஒட்டினாய். "பையின்னா நனையும், எவனாவது கிழிப்பான். பொட்டின்னா பூட்டிட்டுப் போய்க்கினே இருக்கலாம்டா" என்பாய். வண்டியைத் தள்ளும்போதெல்லாம் அதன் முனை கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். அதையும் சிரித்துக்கொண்டே தடவிக்கொள்வாய். வலது பெட்டி உனக்கு, இடது எனக்கு, ஆளுக்கொரு சாவி.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் மறியல் செய்த காலம் அது. கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் இரண்டு நாள் சாலையில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தபோது நாம் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். மூன்றாம் நாள் காலை நீ அருவியில் குளித்துக்கொண்டிருந்தாய். நான் மலையில் காய்ச்சும் சாராயம் நான்கு பாட்டில் வாங்கி, என் லுங்கியில் சுற்றி, என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஊரில் கூட்டாளிகளிடம் பெருமை காட்டத்தான். நீ அதைத் தொடாதவன். சொன்னால் வண்டியில் ஏற்ற மாட்டாய் என்று தெரியும்.

முதல் வளைவிலேயே கண்டுபிடித்துவிட்டாய்.

"இடது பக்கம் இழுக்குதுடா. இன்னா வச்சே?"

"தேன். அம்மாவுக்கு."

"சரி, மெதுவாப் போறேன். ஒடஞ்சிடப் போவுது."

மலை முழுக்க அப்படித்தான் இறக்கினாய், ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் போட்டு.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையில் புளியமரங்கள் வெட்டிக் கிடந்தன. மறுபடி மறியல். முன்னால் நின்றது என் பெரியப்பா. அவருக்கு உன்னைத் தெரியாது. மறியலில் சாராய வாடை வந்தால் போலீசுக்கு அதுவே போதும் என்று அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். மலையிலிருந்து பூட்டிய பெட்டியோடு வந்தால் விடுவார்களா? நீ உன் பெட்டியை நீயே திறந்து காட்டினாய். போர்வை, ஸ்டவ், ஸ்பானர். என் பெட்டிக்குச் சாவி தொலைந்துவிட்டது என்று உன் காதில் மட்டும் சொன்னேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

கடப்பாரையால் நெம்பினார்கள். ஒரு பாட்டில் மூடி கசிந்து வாடை குப்பென்று அடித்தது.

"உனுக்கும் இதுக்கும் இன்னாடா சம்மந்தம்?" என்று பெரியப்பா என்னைக் கேட்டார்.

"எனுக்குத் தெரியாது பெரியப்பா. வழியில லிஃப்ட் கேட்டு ஏறினேன்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "தேன்னு சொன்னியேடா" என்றாய், எனக்கு மட்டும் கேட்கும்படி. அதற்குள் முதல் அறை விழுந்துவிட்டது. உன்னை ரோட்டில் மண்டியிட வைத்து, சாராயத்தை உன் தலையிலேயே ஊற்றினார்கள். பெட்டிகளைக் கல்லால் நசுக்கினார்கள். நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் பெரியப்பாவோடு டிராக்டரில் ஏறிப் போனேன்.

உனக்கு முன்னால் செய்தி கடைவீதிக்குப் போய்விட்டது. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். நீ வேலூர்ப் பக்கம் போய்விட்டாய். பல வருஷம் கழித்துத் திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டில் நீதான் என்னை முதலில் பார்த்தாய். "நல்லா இருக்கியா? அம்மா எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாய். அந்த பஸ் இன்னும் பத்து நிமிஷம் நின்றது. நான் பழக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

போன ரமலான் மாதத்தில் நீ போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. அதற்கும் நான் வரவில்லை.

இன்று பங்க்கிலிருந்து நேராக உன் தம்பி கடைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அடுக்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் வாளிகளைக் கீழே வைத்தான்.

"அண்ணன் யாரு பேரும் சொன்னதில்ல. அத்தா மவுத் ஆவறப்ப, உசுரு போற நேரத்துல, வந்து நின்னுச்சு. குடிகாரன் கை என் மேல படக் கூடாதுன்னு அத்தா சொல்லிட்டாரு. வாசல்லயே நின்னுட்டுப் போச்சு." பிறகு உள்பக்கம் கையைக் காட்டினான். "அம்மா இருக்காங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் போனேன். இறங்கவில்லை. வாசலில் நிற்கும் உன்னையும் சேர்த்துச் சுமந்துகொண்டு உள்ளே போனேன்.

உன் அம்மாவுக்குக் காது மந்தம். மெதுவாக ஆரம்பித்தேன். "சத்தமாச் சொல்லு தம்பி" என்றார். மறுபடி சொன்னேன். "இன்னும் சத்தமா."

"சாராயம் என்னுதும்மா! அவன் தொட்டதே இல்ல!"

கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அவங்க அத்தாகிட்ட சொன்னியா?" என்று அம்மா கேட்டார்.

இல்லை என்பதையும் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.