அம்மாவின் பிறந்தநாள் ஜெபம்

ஆம்பூர்
3.9.2001

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நம் சர்ச்சில் உன் அப்பன் ஒரு கூத்து நடத்திவிட்டான். மாதத்தின் முதல் ஞாயிறு இல்லையா, அந்த மாதத்துப் பிறந்தநாள்காரர்களை ஜெபம் பண்ண முன்னே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா போய் ஏழு மாதம் ஆகியும் பட்டியலிலிருந்து அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. அதை வாசித்ததும் நான் எழுந்து போய் நின்றுவிட்டேன். ஒரு பக்கம் அஞ்சு வயசுக் குழந்தை, இன்னொரு பக்கம் காலேஜ் பெண், நடுவில் வழுக்கைத் தலையோடு நான்.

சபை நடத்தும் ஐயர் கொஞ்சம் திகைத்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "இன்னாத்துக்காக ஜெபிக்கணும்ண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முட்டி வலி ஜாஸ்தி ஐயரே" என்றேன்.

பாவம், முட்டிக்காகவே ஜெபித்தார். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றே செக்கிங் பண்ணும் முட்டிதானே, இன்று கொஞ்சம் கம்மிதான். இதை வெளியே சொல்லாதே, மற்றவர்களும் அடுத்தவர் பிறந்தநாளுக்கு எழுந்து நிற்பார்கள்.

அடக்கத்துக்கு வந்துபோன பிறகு நீ டெல்லியை விட்டு அசையவில்லை. அம்மா இல்லாத வீட்டுக்குள் நுழைய முடியாது என்கிறாய். நானும் போனில், "லீவை வீணாக்காதேம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிடுகிறேன்.

ஐயர் கேட்டபோது வாய்வரை வந்தும் நான் சொல்லாமல் விட்டது வேறு. என் மகள் கிறிஸ்மஸுக்கு வர வேண்டும். வேலை முடிந்து சாயங்காலம் நம் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போக என்னாலும் முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா