தண்ணீர் குடிக்காத மண்

அன்புள்ள ருஸ்மினி,

புகை உங்கள் பக்கம்தான் அடிக்கிறது. பிள்ளைக்கு இருமல் குறைந்ததா? நான் நலம்.

இங்கே மண்ணுக்கு அடியில் தீ எரிகிறது. இலை தழை மட்கிக் காய்ந்த மண், அதுவே எரியும், தண்ணீரைக் குடிக்காது. மேலே முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தண்ணீர் உள்ளே இறங்க அதில் கலக்கும் மருந்தும் தீர்ந்துவிட்டது. நீ கொடுத்தனுப்பிய துணி சோப்புத் திரவம் முழுவதையும் தொட்டியில் ஊற்றினேன்.

"டேய், தீயை அணைக்கிறியா, காட்டைக் குளிப்பாட்டுறியா?" என்றார் எங்கள் தலைவர் ஜம்ஹரி அண்ணன்.

தண்ணீர் சரசரவென்று உள்ளே இறங்கியது! அந்த உற்சாகத்தில் ஓரெட்டு முன்னால் வைத்தேன். மண் உள்வாங்கி பூட்ஸ் ஒன்று உருகியது, அவ்வளவுதான்.

அந்தச் சோப்பு ஐந்து பாட்டில் அனுப்பு. வாசனைகூட நம் வீட்டு வாசனை. செருப்பும் ஒரு ஜோடி வேண்டும், என் அளவைவிட இரண்டு சைஸ் பெரிதாக.

பம்பு ஓட ஆரம்பித்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். கால் நன்றாகத்தான் இருக்கிறது, கட்டுதான் பெரிது.

உன்
ஹமிதான்